லியோனுக்குப் போகும் அரக்குப் புடவை

கட்டிலின் மேல் ஒரு பெட்டி திறந்து கிடந்தது. அதற்குள் புரட்டாசி வெயில் விழுந்திருந்தது. வெயிலைத் தவிர அதில் இன்னும் ஒன்றும் இல்லை.

நீலப் பெட்டி. புதுசு. ஜன்னல் கம்பிகளின் நிழல் அதன் அடியில் கோடு கோடாகப் படிந்திருந்தது.

காரைக்காலில் அன்று காற்றே இல்லை. தென்னங்கீற்றுகூட அசையவில்லை. அந்தப் புழுக்கத்தில் உட்கார்ந்துகொண்டு குணசுந்தரி குளிருக்குத் துணி மடித்தாள்.

ஐம்பத்தாறு வயதில் முதல் தடவையாக விமானம் ஏறப்போகிறாள். அதுவும் தனியாக. அதுவும் பிரான்சுக்கு. திருப்பதிக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று பார்க்காதவள்.

கூப்பிட்டவள் நாத்தனார். தமயந்தி. கணவர் கலியபெருமாளின் ஒரே தங்கை. பிரெஞ்சுக் குடியுரிமை வைத்திருந்த உள்ளூர்ப் பையனைக் கட்டிக்கொண்டு லியோன் என்கிற ஊருக்குப் போய் முப்பது வருஷம் ஆகிறது.

முப்பது வருஷமாகக் கூப்பிட்டாள். “வாங்க அண்ணி. இலை உதிர ஆரம்பிக்கிறப்ப வாங்க. வெயிலும் அடிக்காது, குளிரும் கடிக்காது. பிரான்சு பூரா சுத்திக் காட்டுறேன்.”

முப்பது வருஷமாகக் குணசுந்தரி சாக்குச் சொன்னாள். மாமியாருக்கு மூட்டுவலி. மகனுக்குப் பரீட்சை. மாடி கட்டுகிறோம். மாடி கட்டி, மகன் படித்து, மாமியாரும் போய்ச் சேர்ந்தாள். சாக்கு மட்டும் தீரவில்லை.

அடுத்த வருஷம். அடுத்த வருஷம். சொல்வதற்கென்ன, வாய் இருந்தால் போதும்.

ஆவணி பிறந்த வாரம் தமயந்தியின் கணவர் ஞானசேகரன் போன் செய்தார். கலியபெருமாள்தான் எடுத்தார். கேட்டுக்கொண்டே நின்றார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

வயிற்றில் கட்டி. ஈரலுக்கும் போய்விட்டது. இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். தீபாவளியைப் பார்க்க மாட்டாள். “அவகிட்ட இன்னும் சொல்லல மச்சான்” என்றார் ஞானசேகரன்.

சொல்லாவிட்டால் தெரியாதா? இருபது வருஷம் அதே ஊர் ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பிரிவில் வேலை பார்த்தவள் தமயந்தி. எந்த விரிப்பு எந்த வார்டுக்குப் போகும், எது திரும்பி வராது என்று தெரிந்தவள். அவளுக்கா தெரியாது?

ஆனாலும் தெரியாதவள்போலவே இருந்தாள். இவர்களும் சொல்லாதவர்கள்போலவே இருந்தார்கள். நல்ல குடும்பம், நல்ல நாடகம்.

கலியபெருமாள் போக முடியாது. அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் போய் மூன்று வருஷம். திங்கள், புதன், சனி டயாலிசிஸ். நாலு மணி நேரம் ரத்தம் வெளியே போய், சுத்தமாகித் திரும்பி வரும். அந்த மிஷினை விட்டு மூன்று நாள் தள்ளி இருக்க முடியாது.

கூடப் பிறந்தவள் சாகக் கிடக்கிறாள். போக முடியாது. அதை அவர் யாரிடமும் சொல்லிப் புலம்பவில்லை. நாற்காலியை வாசலைப் பார்த்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஆகவே குணசுந்தரி. மகன் பெங்களூரிலிருந்து வந்து அப்பாவைப் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. விசா வந்தது. ஞாயிற்றுக்கிழமைக்கு டிக்கெட் வந்தது. பெட்டி வந்தது.

முப்பது வருஷம் வராத புத்தி இப்போது வந்தது. அதை நினைக்க நினைக்க அவளுக்கு அவள்மேலேயே ஆத்திரமாக வந்தது.

*

தினமும் மூன்றரைக்குப் போன் வரும். அங்கே அப்போது உச்சிப்பொழுது.

வீடியோவில் நெற்றி மட்டும் தெரியும். நெற்றி, பொட்டு, பின்னால் ஒரு வெள்ளைச் சுவர். தமயந்தி போனை அதற்குக் கீழே இறக்குவதில்லை. இவள் இறக்கச் சொல்லுவதில்லை.

“எழுதிக்குங்க அண்ணி. மொதல்ல பாரிசு. அங்க எல்லாரும் கறுப்புதான் போடுவாங்க, எழவு வீடு மாதிரி. நீங்க அந்தக் கிளிப்பச்சையக் கட்டிக்கிட்டு வாங்க. கூட்டத்துல தொலைஞ்சா கண்டுபிடிக்கணும்ல?”

“நான் ஏன்டீ தொலையிறேன்?”

“மாயவரம் ஜங்ஷன்லயே தொலைஞ்சவங்கதானே நீங்க.”

கிளிப்பச்சை பெட்டிக்குள் போனது. அது பாரிஸ்.

லியோனுக்கு வீட்டில் கட்ட நாலு பருத்திப் புடவை. அவிஞ்ஞோனுக்கு அந்த நீலப்பூப் போட்டது. “அங்க ஒரு பாதிப் பாலம் இருக்கு அண்ணி, ஆத்துக்கு நடுவுல அப்படியே நின்னுடும். காத்து புடவையத் தூக்கும். ஊக்கு நாலு கூட எடுத்துக்குங்க.”

மார்செய் ஊருக்குக் கடுகு நிறம். அங்கே கடல் இருக்கிறதாம். “நம்ம கடலாட்டம் கத்தாது. சும்மா கெடக்கும். ரெண்டு பேரும் கால் நனைக்கலாம்.”

நீலப்பூ போனது. கடுகு நிறம் போனது. ஊக்கு நாலு போனது. பொய்யிலும் ஒரு ஒழுங்கு வேண்டாமா? ஊருக்கு ஒரு புடவை.

பேசப் பேச அந்தக் குரல் நூலாக மெலியும். நடுவில் நின்றுவிடும். சுவரும் பொட்டும் மட்டும் இருக்கும். இவள் போனைப் பிடித்தபடி காத்திருப்பாள். பிறகு மறுபடி குரல் வரும், விட்ட இடத்திலிருந்து.

“காலுக்கு ஷூ வாங்கிட்டீங்களா?”

வாங்கியாயிற்று. அது ஒரு தனிக் கூத்து. பிறந்ததிலிருந்து ஷூ போடாத கால். மெட்டியோடு உள்ளே போகமாட்டேன் என்றது. மெட்டியைக் கழற்ற இவள் மாட்டேன் என்றாள். கடைசியில் ஒரு அளவு பெரிதாக வாங்கி, கூடத்தில் நடந்து பழகினாள்.

டொக் டொக்கென்று அவள் நடப்பதைக் கலியபெருமாள் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மாதத்துக்குப் பிறகு அவர் முகத்தில் சிரிப்பு வந்தது அன்றைக்குத்தான். வந்த வேகத்தில் போய்விட்டது.

சாயந்தரம் கிழக்கே கொஞ்சம் மேகம் கூடியது. மழை வரும்போல இருந்தது. வரவில்லை.

எடுத்து வைத்தாள். மடிப்பு சரியில்லை என்று வெளியே எடுத்தாள். மறுபடி எடுத்து வைத்தாள். பாரிஸ், லியோன், அவிஞ்ஞோன், மார்செய். எங்கேயும் போகப்போவதில்லை என்று அவளுக்குத் தெரியும். தமயந்திக்கும் தெரியும். நீலப்பூப் புடவைக்குத்தான் தெரியாது.

*

வியாழக்கிழமை மத்தியானம் கலியபெருமாளைக் காணவில்லை.

டயாலிசிஸ் இல்லாத நாள். நாற்காலி காலியாக இருந்தது. செருப்பும் இல்லை. குணசுந்தரி தெருமுனை வரைக்கும் ஓடினாள், வெயிலில், தலைக்குக்கூட எதுவும் போடாமல்.

ஒரு மணி நேரம் கழித்து ஆட்டோ வந்து நின்றது. இறங்கினார். சட்டை முழுக்க வேர்வை. கையில் ஜவுளிக்கடைப் பை. நேரே அறைக்குள் போய், பையைக் கட்டிலில் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார்.

பிரித்தாள். அரக்குப் புடவை. மஞ்சள் கரை. பட்டு. ஜாக்கெட் துணி வெட்டாமல் அப்படியே.

அவளுக்கு விளங்க ஒரு நிமிஷம் ஆனது. விளங்கியதும் கையிலிருந்ததைக் கட்டிலில் எறிந்தாள்.

எங்கள் பக்கத்து வழக்கம் இது. வாழ்க்கைப்பட்டுப் போனவள் கண்ணை மூடினால் பிறந்த வீட்டிலிருந்து ஒரு புதுப்புடவை வரவேண்டும். அண்ணன் தம்பி கையால் எடுத்ததாக இருக்கவேண்டும். கோடி என்பார்கள். அது மேலே விழுந்த பிறகுதான் அவளை வாசலுக்கு வெளியே எடுப்பார்கள்.

சீர் எத்தனையோ வரும், போகும். பிறந்த வீட்டின் கடைசித் துணி இது. இது வராதவளை அநாதை என்று ஊர் சொல்லும்.

“உசுரோட இருக்கிறவளுக்கா? உங்களுக்கென்ன மூளை கலங்கிப்போச்சா? இன்னும் மூச்சு இருக்குங்க அவளுக்கு!”

“இருக்கு.”

“அப்புறம் என்ன எழவுக்கு இதை வாங்கியாந்தீங்க?”

“நாளைக்கு அங்க யாருகிட்ட போயிக் கேப்பே சுந்தரி? அந்த ஊர்ல எந்தக் கடையில எடுப்பே? எடுத்தாலும் நீ எடுத்ததா இருக்கும். நான் எடுத்ததா ஆகுமா?”

எறிந்ததை அவள் மறுபடி கையில் எடுத்தாள்.

“நான்தான் போவ முடியல. இதுவாவது போவட்டும்.” அதைச் சொல்லிவிட்டு முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. கடை மாடிக்கு இருபத்து நாலு படியாம். லிஃப்ட் கிடையாதாம். பட்டு எல்லாம் மேலேதானாம். இரண்டு இடத்தில் உட்கார்ந்து ஏறினாராம். அதைப் பிற்பாடு ஆட்டோக்காரர்தான் சொன்னார்.

முப்பத்து நாலு வருஷத்தில் அந்த மனிதர் தனக்கென்று ஒரு கைக்குட்டை எடுத்ததில்லை. வேட்டி சட்டை எல்லாம் அவள் எடுப்பதுதான். தானே போய் நிறம் பார்த்துக் கரை பார்த்து எடுத்த முதல் துணி இது.

நல்ல நிறமாகத்தான் எடுத்திருந்தார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

*

எங்கே வைப்பது?

அடியில் வைத்தாள். பிறகு யோசித்தாள். பெட்டியைத் தமயந்திதான் திறப்பாள். அந்த வீட்டுப் பெண்களுக்கு அது ஒரு உரிமை. வந்தவர் பெட்டியை வந்தவர் திறக்கக்கூடாது. எழுந்து உட்கார முடியாவிட்டாலும் மடியில் தூக்கி வைக்கச் சொல்லுவாள்.

நடுவில் வைத்தாள். கிளிப்பச்சைக்கும் நீலப்பூவுக்கும் நடுவில். பாரிசுக்கும் அவிஞ்ஞோனுக்கும் நடுவில். அரக்கு எட்டிப் பார்த்தது.

பழைய வேட்டியில் சுற்றினாள். சுற்றியதைப் பார்த்தால் இன்னும் பயமாக இருந்தது. அவிழ்த்துவிட்டாள். தோள்பையில் வைத்தாள். விமானத்தில் மடியில் வைத்துக்கொண்டு போவதா இதை? வெளியே எடுத்தாள்.

வைத்தாள். எடுத்தாள். வைத்தாள். எடுத்தாள். வைக்காமல் போனால் அவர் மனம் உடையும். வைத்துப் போனால் தமயந்தி மனம் உடையும். அக்கா தங்கையென்று கூடப் பிறக்காத குணசுந்தரிக்கு, தமயந்தி சண்டைக்காரி, சகோதரி, சக்களத்தி எல்லாம்தான். கல்யாணமாகி வந்த முதல் தீபாவளிக்கு இவளுக்கென்று எடுத்த புடவையை, இவள் கட்டுவதற்கு முன்னால் தான் கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனவள். அதற்கு ஆறு மாதம் பேசாமல் இருந்தார்கள். ஒரே அடுக்களையில், ஒரே சோற்றுப் பானையில், ஆறு மாதம்.

இப்போது நினைத்தால் அந்த ஆறு மாதத்தையும் திருப்பிக் கேட்கலாம்போல இருக்கிறது. கேட்டால் கொடுப்பார் யார்?

*

வெள்ளிக்கிழமை மூன்றரை. போன்.

“நாளன்னைக்குக் கெளம்பணும். பெட்டியக் காட்டுங்க அண்ணி. நீங்க அடுக்குற லட்சணம் எனக்குத் தெரியாதா?”

குணசுந்தரி போனைத் திருப்பினாள். திருப்பிய பிறகுதான் பார்த்தாள். அப்போதுதான் நாலாவது தடவையாக இடம் மாற்றிய புடவை எல்லாவற்றுக்கும் மேலே கிடந்தது. அப்பட்டமாக. வெயில் வேறு அதன் கரையில் மின்னித் தொலைத்தது.

“அது என்ன அரக்கு? சொல்லவே இல்ல?”

“உனக்குத்தான்.” வாய் தானாகச் சொன்னது. “ஒங்கண்ணன் எடுத்தாரு.”

“அண்ணனா?” குரல் மலர்ந்தது. “என்னமா எடுத்திருக்கு! கிட்டக் காட்டுங்க. கரையக் காட்டுங்க. மூலையக் காட்டுங்க.”

மூலை. குணசுந்தரியின் கை நின்றது.

புதுத்துணி என்றால் மூலையில் ஒரு பொட்டு மஞ்சள் வைக்காமல் அந்த வீட்டில் யாரும் உடுத்துவதில்லை. பெட்டியில் இருந்த சுவெட்டருக்கு வைத்திருந்தது. உள்ளே போடும் கம்பளிச் சட்டைக்கு வைத்திருந்தது. காலுறைக்குக்கூட, கட்டைவிரல் பக்கம். தமயந்தி மட்டும் என்ன? லியோனில் வாங்கிய குளிர்க்கோட்டுக்கு உள்மடிப்பில் மஞ்சள் வைத்துவிட்டுத்தான் முதல் நாள் வேலைக்குப் போனாள்.

கோடிக்கு மட்டும் மஞ்சள் வைப்பதில்லை. உடுத்தப்போகிறவர்களுக்குத்தானே மஞ்சள்.

ஒரு மூலையைக் காட்டினாள். மறு மூலையைக் காட்டினாள். இரண்டும் வெறுமையாக இருந்தன.

“மறந்துட்டேன்மா. இப்பத்தான் வந்துச்சு. நாளைக்கு வைக்கலாம்னு...”

வெள்ளிக்கிழமையை விட்டுவிட்டுச் சனிக்கிழமை மஞ்சள் வைப்பாளாம். பொய்யையாவது ஒழுங்காகச் சொல்லத் தெரிந்ததா அவளுக்கு?

திரையில் அதேதான். நெற்றி. பொட்டு. வெள்ளைச் சுவர்.

பிறகு போன் மெல்லக் கீழே இறங்கியது. கண் வந்தது. கன்னம் இருந்த இடம் வந்தது. கழுத்தெலும்பு வந்தது. மூக்கில் ஒரு குழாய். ஒரு மாதத்துக்குப் பிறகு முழுத் தமயந்தி. கண்ணும் தோலும் மஞ்சளாக.

“நீங்களும் காட்டிட்டீங்க. நானும் காட்டிட்டேன்” என்றாள். “சரியாப் போச்சு.”

குணசுந்தரி கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். அழக்கூடாது என்று எத்தனை நாள் பிடித்து வைத்தது! எல்லாம் ஒரேயடியாக வந்தது.

“அழாதீங்க அண்ணி. அண்ணனா போயி எடுத்துச்சு?”

“ஆமா.”

“அந்த மாடிக் கடையிலயா?”

“ஆமாம்மா.”

“மாடி ஏறியா போச்சு? அந்த ஒடம்ப வச்சுக்கிட்டா?” அப்போதுதான் தமயந்தியின் முகம் கோணியது. தன் சாவைக் காட்டியபோது வராத அழுகை, அண்ணன் ஏறிய படிக்கு வந்தது. அழுவதற்கும் தெம்பு வேண்டுமே. கொஞ்சம் அழுதாள். மூச்சு வாங்கினாள். மறுபடி கொஞ்சம் அழுதாள்.

“மஞ்சள் வச்சு எடுத்துக்கிட்டு வாங்க” என்றாள் கடைசியில்.

“தமயந்தி, அது...”

“தெரியும். எனக்கு முறை சொல்லித் தராதீங்க. அண்ணன் எனக்குன்னு எடுத்த புடவைய நான் கண்ணு முழிச்சிருக்கறப்ப ஒருதரம் கட்டிக்கிறேனே. செத்தப்புறம் போத்தினா எனக்கு எப்படித் தெரியும், கலர் நல்லாருக்கா இல்லையான்னு?”

வாசற்படியில் நிழல் விழுந்தது. கலியபெருமாள் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாகவோ.

“மத்ததெல்லாம் எடுத்துடுங்க அண்ணி. அவிஞ்ஞோன், மார்செய் எல்லாம். எங்க போவப்போறோம். கிளிப்பச்சை மட்டும் கட்டிக்கிட்டு வாங்க. ஸ்டேஷன்ல அவரு கண்டுபிடிக்கணும்ல.”

போன் அணைந்தது.

 மஞ்சள் வைத்துவிட்டால் அது உடுத்தும் துணி. உடுத்திய துணி கோடி ஆகாது. அது கலியபெருமாளுக்கும் தெரியும். அடுக்களைக்குப் போனார். மஞ்சள் டப்பாவைத் தேடும் சத்தம் கேட்டது. அந்த வீட்டில் அது எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாத மனிதர்.

உள்ளங்கையில் குழைத்து எடுத்துவந்தார். ஊசி குத்திக் குத்திப் புடைத்த கை.  வைத்த பொட்டு பெரிதாகப் போய்விட்டது, அரக்கில் பரவி.

“பெருசாப் போச்சா?” என்று கேட்டார்.

“இருக்கட்டும்” என்றாள்.

பிறகு மற்ற ஊர்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். கடல் போனது. பாதிப் பாலம் போனது. ஊக்கு நாலும் திரும்ப டப்பாவுக்குப் போயின. பீரோவுக்குள் அவற்றை வைத்துக் கதவைச் சாத்தும்போது, இவ்வளவு சின்ன அறையில் இவ்வளவு பெரிய தேசத்தை வைத்திருந்தோமே என்று தோன்றியது.

அன்றைக்கு மழை பெய்தது. அரை மணி நேரம். யாரும் எழுந்துபோய்க் கொடியில் கிடந்த துணியை எடுக்கவில்லை.

*

பாரிஸ் என்பது ஒரு விமான நிலையம். அதற்கு மேல் அவள் அதைப் பார்க்கவில்லை. அங்கேயே கீழே ரயில் நின்றது. யாரோ ஒரு பெண் சீட்டை வாங்கிப் பார்த்து, அவள் இடம் வரைக்கும் கூட்டிக்கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டுப் போனாள்.

ஜன்னலுக்கு வெளியே பிரான்சு ஓடியது. அறுத்த வயல். வெள்ளை வெள்ளையாக மாடுகள். மேய்ப்பவர் ஒருவரும் இல்லை. மரங்களில் இலை இன்னும் பச்சைதான். ஓரங்களில் மட்டும் பழுத்திருந்தது. மெல்லிய வெயில், சுடாத வெயில், எல்லாவற்றின் மேலும்.

தமயந்தி சொன்னது அத்தனையும் இருந்தது. தமயந்தி மட்டும் பக்கத்தில் இல்லை. அழகாக இருந்தது. அழகாக இருப்பது அவளுக்குக் கோபமாக வந்தது. இதைப் பார்க்க முப்பது வருஷம் வரமாட்டேன் என்று அடம்பிடித்தேனே, பாவி.

லியோன். ஞானசேகரன் நடைமேடையில் நின்றார். கிளிப்பச்சையைப் பார்த்ததும் கையைத் தூக்கினார். தாடி நரைத்து, தோள் இறங்கி, ஆளே பாதியாகியிருந்தார்.

“நேத்து சாயந்தரம் வரைக்கும் பேசிக்கிட்டிருந்தா, அக்கா” என்றார் காரில். “அண்ணி ஷூ போட்டு நடந்து வருவாங்க, பாருங்க, பாத்துட்டுத்தான் போவேன்னு சிரிச்சா. அப்புறம் தூங்கினா. இன்னும் முழிக்கல.”

முழிப்பாளா என்று அவள் கேட்கவில்லை. 

ஆஸ்பத்திரி. வெள்ளை வராந்தா. டொக் டொக் டொக். அவ்வளவு அமைதியான இடத்தில் அவள் ஷூ சத்தம் அவளுக்கே கூச்சமாக இருந்தது. அறை வாசலில் நின்று வேண்டுமென்றே இன்னும் இரண்டு தடவை தரையில் தட்டினாள்.

“தமயந்தி. வந்துட்டேன்டி. ஷூவப் பாரு.”

கண் திறக்கவில்லை. வாய் சற்றுத் திறந்திருந்தது. நீண்ட இடைவெளி விட்டு மூச்சு வந்தது. போனது. ஜன்னலுக்கு வெளியே ஒரு பெரிய மரம் நின்றது.

பெட்டியைக் கட்டிலில் தமயந்தியின் பக்கத்தில் வைத்து, அவள் கையை எடுத்து அதன் பூட்டின் மேல் வைத்தாள். அந்தக் கையைப் பிடித்தபடியே திறந்தாள். முறை என்றால் முறை.

கட்டிவிட முடியவில்லை. உடம்பு முழுக்கக் குழாய். நர்ஸ் வந்து பார்த்து, தலையை மெதுவாக ஆட்டினாள். வேறு வழியில்லை. குணசுந்தரி அரக்குப் புடவையைப் பிரித்து, கழுத்திலிருந்து கால் வரைக்கும் விரித்தாள். மஞ்சள் வைத்த மூலையைத் தமயந்தியின் விரல்களுக்குள் சொருகினாள்.

விரித்து முடித்த பிறகுதான் உறைத்தது. உடுத்தவில்லை. போர்த்தியிருக்கிறாள்.

அப்போது போன் வந்தது. காரைக்காலில் சாயந்தரம். திங்கட்கிழமை. டயாலிசிஸ் படுக்கையிலிருந்து கலியபெருமாள். பின்னால் மிஷின் ஓடும் சத்தம் கேட்டது. வீடியோ வேண்டாம் என்று மகனிடம் அவரே சொன்னாராம்.

“சேந்துட்டியா?”

“சேந்துட்டேங்க.”

“கட்டிக்கிட்டாளா?”

குணசுந்தரி கட்டிலைப் பார்த்தாள். மூச்சோடு அரக்கு ஏறியது. இறங்கியது. ஞானசேகரன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“கட்டிக்கிட்டா” என்றாள். “கலர் நல்லாருக்குன்னா. அண்ணனுக்கு இவ்வளவு எடுக்கத் தெரியுமான்னு கேட்டா.”

“அப்படியா சொன்னா?” அவர் குரல் உடைந்து, பின் தேறியது.  “அப்ப அது உடுத்தினதா ஆயிடுச்சு. இன்னொண்ணு எடுக்கணும் சுந்தரி. நாளைக்கு டயாலிசிஸ் இல்ல. பையனக் கூட்டிக்கிட்டுப் போயி எடுத்துடுறேன். அதை எப்படி அங்க அனுப்புறது?”

இருபத்து நாலு படி. மறுபடி ஏறுவார். உட்கார்ந்து உட்கார்ந்து ஏறுவார். வேண்டாமென்று சொல்ல வேண்டுமானால், அவள் உடுத்தவில்லை, போர்த்தித்தான் இருக்கிறது என்று சொல்ல வேண்டும்.

அரக்கு ஏறியது. நின்றது. இறங்கியது.

“இப்ப என்னங்க அவசரம்?” என்றாள் குணசுந்தரி. “நான் வந்ததும் ரெண்டு பேருமாப் போயி, நிதானமாப் பாத்து எடுக்கலாம்.”

“ஆமா. என்ன அவசரம்” என்றார் அவரும்.

போனைக் காதிலிருந்து எடுக்காமலேயே அவள் அந்தப் புடவையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடி ஏறட்டும் என்று.